சிறார் நட்பும் ஆண் பெண் வேற்றுமையும்: பெற்றோர்க்கு ஒரு பாடம்

பிள்ளைகளின் குணநலன்களை உருவாக்குவோர் யாவர் என்று வினவினால், தாய், தந்தை, ஆசிரியர் என மூவரைக் கூறுவது நம் வழக்கம். நான்காமவர் ஒருவரும் உண்டு. அவர் பெயர் எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவரே உடன் பயிலும் பிள்ளை. யாரோடு விளையாடலாம், எதற்கு அழலாம், எந்த நிறப் பென்சில் பெட்டி ஆண் பிள்ளைக்கு ஆகாது, எந்த ஆட்டம் பெண் பிள்ளைக்கு அடாது என்பனவற்றையெல்லாம் முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு முடியும் வரை கற்பிப்பவர் பெரும்பாலும் இந்த நான்காம் ஆசிரியரே ஆவார். தேர்வு இல்லாத பாடமாயினும் இதனை எந்தப் பிள்ளையும் மறப்பதில்லை.

இந்தப் பாடம் எவ்வாறு நடைபெறுகிறது, அதில் பெரியோராகிய நமக்கு என்ன பங்கு உண்டு என்பவற்றை இவ்விதழில் ஆராயப் புகுகின்றோம். இதற்குத் துணையாக உலகின் பிற பகுதிகளில் அறிஞர் கண்ட உண்மைகளையும், தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு முயற்சியையும், நம் முன்னோர் கல்லில் பொறித்துச் சென்ற சில செய்திகளையும் எடுத்துக் கொள்வோம்.

முதலில் நம் பள்ளிகளில் நெடுங்காலமாக நிலவிய தண்டனை ஒன்றை நினைவுகூர்வோம். வகுப்பில் குறும்பு செய்யும் பையனை ஆசிரியர் அழைத்து, "போய்ப் பெண் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்" என்பார். வகுப்பு முழுவதும் சிரிக்கும். பையன் தலை கவிழ்ந்து சென்று பலகையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அமர்வான். இதனை ஒரு சிறு வேடிக்கையாகவே பெரியோர் கருதி வந்துள்ளனர். அடியோடும் திட்டோடும் ஒப்பிட்டால் இது மென்மையான தண்டனைதான். ஆயினும் அந்த ஒரு கணத்தில் வகுப்பிலுள்ள நாற்பது பிள்ளைகளும் கற்றுக்கொண்டது என்ன? பெண்ணருகில் இருத்தல் இழிவு என்பதைப் பையன்கள் கற்றனர். தம் அருகில் அமர்வதே பிறர்க்குத் தண்டனை என்பதைப் பெண் பிள்ளைகள் கற்றனர். எந்தக் குற்றமும் செய்யாமல் தண்டனைக் கருவியாக ஆக்கப்பட்ட அந்தப் பலகையிலிருந்த சிறுமியரைப் பற்றி யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிரிவு தொடங்கும் வயது

மூன்று வயது வரை குழந்தைகள் ஆண் பெண் என்று பார்த்து ஆடுவது குறைவு. அதன்பின் மெல்ல மெல்ல ஒரு பிரிவு தோன்றுகிறது. அமெரிக்க நாட்டு உளவியலறிஞர்களான எலினார் மக்கோபி, கரோல் ஜாக்லின் ஆகியோர் ஒரே குழந்தைகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நான்கரை வயதில் குழந்தைகள் மற்றப் பாலாருடன் கழிக்கும் நேரத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நேரத்தைத் தம் பாலாருடன் கழித்தனர். ஆறரை வயதில் அது பதினொரு மடங்காயிற்று. இரண்டே ஆண்டுகளில் நேர்ந்த மாற்றம் இது. பல நாடுகளிலும் இவ்வாறே காணப்படுவதால் இதனை ஒரு நோய் என்று கொள்ளுதல் தவறு. பையன்கள் பையன்களோடும் சிறுமியர் சிறுமியரோடும் கூடி மகிழ்வதில் தீங்கொன்றும் இல்லை. அத்தகைய தோழமை வாழ்நாள் முழுதும் துணை நிற்பதும் உண்டு. நாம் அஞ்ச வேண்டியது அப்பிரிவோடு சேர்ந்து வரும் இகழ்ச்சிக்கே.

அவ்விகழ்ச்சி எவ்வாறு பரவுகிறது என்பதைப் பெவர்லி ஃபாகட் என்பார் மழலையர் பள்ளிகளில் இருந்து கண்டறிந்தார். பொம்மையை வைத்துக்கொண்டும் சமையல் விளையாட்டில் சேர்ந்தும் ஆடும் பையன்களை மற்றக் குழந்தைகள் குறை கூறினர். நாளடைவில் அப்பையன்கள் தனியே விடப்பட்டனர். அவர் 1985இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. ஆசிரியை என்ன சொன்னாலும், சிறுமியர் என்ன சொன்னாலும் பையன்கள் தம் ஆட்டத்தை மாற்றிக்கொள்வதில்லை. மற்றொரு பையன் முகம் சுளித்தால் உடனே மாற்றிக்கொள்கின்றனர். ஆதலின் வீட்டில் தந்தை எவ்வளவு நயமாக எடுத்துரைத்தாலும், வகுப்பில் பக்கத்து இருக்கைப் பையனின் ஒரு சிரிப்பு அதனை அழித்துவிட வல்லது. கோலம் போடுவதில் விருப்பமுள்ள பையன் ஒருவன் இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் அதனைக் கைவிட்டான் என்றால், அவனைத் தடுத்தவர் யார் என்று வீட்டில் தேடிப் பயனில்லை.

இதில் பெண் மக்களுக்கு நேரும் இழப்பு வேறு வகையானது. லின் பியான், சாரா ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஐந்து வயதுச் சிறுமியர் மிகுந்த அறிவாற்றல் தம் பாலார்க்கு உரியது என்று பையன்களுக்கு நிகராகவே கூறினர். ஆறு, ஏழு வயதில் அந்நம்பிக்கை அவர்களிடம் தளர்ந்திருந்தது. "இது மிகமிகப் புத்திசாலிகளுக்கான ஆட்டம்" என்று சொல்லி ஓர் ஆட்டத்தைக் காட்டியபோது அவர்கள் அதில் நாட்டம் குறைந்து விலகினர். அவ்வயதில் படிப்பில் பெண் பிள்ளைகளே மேல் என்பதை அச்சிறுமியர் அறிந்தேயிருந்தனர் என்பதையும் உடன் நோக்க வேண்டும். மதிப்பெண் வாங்குவதால் மட்டும் இது நீங்குவதில்லை. நம் வீட்டுப் பெண் முதல் மதிப்பெண் பெற்றாள் என்று மகிழும் பெற்றோர், கணக்குப் புதிர் ஒன்றைக் கண்டதும் "அண்ணனிடம் கொடுங்கள்" என்று அவள் ஒதுங்குகிறாளா என்பதையும் ஒருமுறை பார்த்தல் நன்று.

தெருவும் பள்ளியும்

இவ்விடத்தில் நம் ஊர்களில் யாவரும் கண்டிருக்கக்கூடிய ஓர் உண்மையைக் கூற விரும்புகின்றோம். மாலையில் தெருவில் கண்ணாமூச்சி ஆடும்போது ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பிள்ளைகள் ஓடுவர். அக்காவின் இடுப்பில் தொற்றியிருந்த மூன்று வயதுத் தம்பியும் ஆட்டத்தில் ஒருவனாகக் கணக்கிடப்படுவான். நொண்டி ஆடுவர், தாயம் உருட்டுவர். மறுநாள் காலை அதே பிள்ளைகள் பள்ளி வாயிலைத் தாண்டியதும், நேற்று ஒன்றாக ஓடியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர் போல இரு திசையில் செல்வர். பையன்களுக்குக் கோலியும் பம்பரமும் மட்டையும் பந்தும். சிறுமியர்க்குப் பாண்டியும் தட்டாங்கல்லும்.

பாரி தார்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலறிஞர் தொடக்கப் பள்ளிகளின் விளையாட்டு வெளிகளில் பல மாதங்கள் இருந்து கவனித்து 1993இல் எழுதிய நூலிலும் இதையே காண்கின்றோம். வீட்டருகே கலந்து ஆடும் பிள்ளைகள் பள்ளியில் பிரிந்து நிற்பதற்கு அவர் கூறும் காரணங்கள் எளியவை. பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை மிகுதி. ஒத்த வயதினரே கூடியிருத்தலால் தேர்ந்தெடுக்க ஆள் உண்டு. பார்வையாளரும் மிகுதி, கேலி செய்ய வாய் பல. தெருவில் ஆறு பேர் இருந்தால்தான் ஆட்டம் நடக்கும் என்னும்போது ஆறாவது ஆள் பெண்ணா ஆணா என்று எவரும் கேட்பதில்லை. ஆதலின் பிள்ளைகளின் மனத்தில் கோடு எப்போதும் ஒரே அழுத்தத்துடன் இருப்பதில்லை; இடத்திற்கேற்ப அது தோன்றும், மறையும். நம் ஊர்களில் தெருவிளையாட்டு அருகிவருவதும், பிள்ளைகள் பள்ளி விட்டதும் தனிப்பயிற்சிக்கும் கைபேசிக்கும் செல்வதும் இந்நோக்கில் பெரிய இழப்பாகும். கலந்து ஆடும் அந்த ஒரு மணி நேரமே அவர்களிடமிருந்து முதலில் பறிபோயிற்று.

கரோல் மார்ட்டின், ரிச்சர்ட் ஃபேப்ஸ் ஆகிய இருவர் 2001இல் கூறிய முடிவும் இதனோடு இயையும். தம் பாலாருடன் மட்டுமே மிகுந்த நேரம் ஆடிய குழந்தைகளிடம், சில மாதங்களில், பையன்களுக்கு முரட்டு ஆட்டமும் சிறுமியர்க்கு ஆசிரியையை ஒட்டியே நிற்கும் இயல்பும் மிகுந்தன. மருந்தின் அளவு கூடினால் அதன் விளைவு கூடுவது போல் என்பது அவர்கள் காட்டிய உவமை.

கேலியைத் தொடங்கி வைப்பவர் யார்

இதுவரை கூறியவற்றால் பழி முழுவதும் பிள்ளைகள் மேல் விழுவதாகத் தோன்றலாம். அது முறையன்று. சிறுவர் கையில் உள்ள சுண்ணக்கட்டி நாம் கொடுத்தது.

நம் குடும்பங்களில் நடப்பதையே பார்ப்போம். திருமணம், திருவிழா என்று உறவினர் கூடுமிடத்தில் மாமன் மகளும் அத்தை மகனும் ஐந்தாறு வயதில் கைகோத்து விளையாடுவர். உடனே பெரியவர் ஒருவர், "என்னடா, இப்போதே பெண்டாட்டியைப் பிடித்துவிட்டாயா?" என்பார். கூடியிருப்போர் நகைப்பர். முறை உள்ள பிள்ளைகளைக் கேலி செய்வது நம் நாட்டில் பாசத்தின் ஓர் அடையாளமே. அதில் வஞ்சம் இல்லை. எனினும் அந்தச் சிறுமி கையை உதறிவிட்டு ஓடுவதையும், அடுத்த கூட்டத்தில் இருவரும் பேசாமல் நிற்பதையும் யாரும் கணக்கில் கொள்வதில்லை. ஆணும் பெண்ணும் பழகினால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு என்ற பாடத்தை ஏழு வயதுப் பிள்ளை அங்கிருந்து எடுத்துச் சென்று வகுப்பில் தன் தோழர்க்கு ஓதுகிறது. பள்ளியில் ஒரு பையன் பெயரையும் ஒரு பெண் பெயரையும் சுவரில் சேர்த்து எழுதிவைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று வியப்போர் இதனை எண்ணுக.

பள்ளியிலும் அவ்வாறே. பல பள்ளிகளில் வருகைப் பதிவேட்டில் முதலில் ஆண் பிள்ளைகளின் பெயர், பின்னர் பெண் பிள்ளைகளின் பெயர், வரிசை இரண்டு, வினாடி வினாவில் அணி இரண்டு. நிர்வாக வசதிக்காக ஏற்பட்டவை இவை. இவற்றின் விளைவை அறிய லேசி ஹில்லியர்ட், லின் லிபென் ஆகியோர் 2010இல் வெளியிட்ட சோதனையைக் காண்போம். மழலையர் வகுப்புகள் சிலவற்றில் இரண்டு வாரங்கள் மட்டும் ஆசிரியர்கள் பையன்களையும் பெண்களையும் தனித்தனி வரிசையில் நிறுத்தினர். "பையன்களே", "பெண்களே" என்று பிரித்து விளித்தனர். போட்டி எதுவும் வைக்கவில்லை. யாரையும் தாழ்த்திக் கூறவுமில்லை. வேறு வகுப்புகளில் அவ்வாறு பிரிக்காமல் வழக்கம் போல் நடத்தினர். இரு வாரங்கள் கழிந்ததும், பிரித்து அழைக்கப்பட்ட குழந்தைகள் மற்றப் பாலாரோடு ஆடுவது குறைந்தது. "இது ஆண் வேலை, இது பெண் வேலை" என்னும் எண்ணம் அவர்களிடம் கூடியது. மற்ற வகுப்பில் அம்மாற்றம் இல்லை.

ரெபெக்கா பிக்லர் என்பாரும் அவர் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில் தொடக்கப் பள்ளி வயதுச் சிறார்க்கு நீலச் சட்டையும் மஞ்சள் சட்டையும் அணிவித்தனர். ஆசிரியர் அந்நிறத்தைக் கொண்டு பிள்ளைகளை அமர்த்தியும் அழைத்தும் வந்த வகுப்பில், தம் நிறத்தாரே நல்லவர் என்ற எண்ணம் வளர்ந்தது. சட்டை அணிந்திருந்தும் ஆசிரியர் நிறத்தைப் பொருட்படுத்தாத வகுப்பில் அது வளரவில்லை. வேற்றுமை கண்ணுக்குத் தெரிவதனால் மட்டும் பிள்ளைகள் பிரிவதில்லை என்பது இதன் பயன். ஆசிரியர் அதனைப் பயன்படுத்தும்போதுதான், இது பொருட்டானது போலும் என்று கொள்கின்றனர்.

நெல்லை, தென்காசிச் சீமையில் வாழ்வோர்க்கு இந்த நிறச் சட்டைச் செய்தி வெறும் ஆய்வுக்கூடச் செய்தியாக இராது. பள்ளி மாணவர் கையில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டும் கேடு அங்குப் பரவியதையும், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் பயின்றவர்களால் வெட்டுண்ட கொடுமையையும் நாடறியும். அதன்பின் தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், கயிறு முதலிய அடையாளங்களைத் தடை செய்யவும், வகுப்பில் மாணவரைப் பெயரின் அகர வரிசைப்படி அமர்த்தவும் பரிந்துரைத்தது. யார் யாரருகில் அமர்வது என்பது அற்பச் செய்தியன்று என்பதை அரசுக் குழுவே ஏற்றது இதனால் விளங்கும்.

ஆய்க்குடி கற்பிப்பது

இனி ஆய்க்குடிக்கு வருவோம். குற்றாலச் சாரலை நாடிச் செல்வோர் பலர் தென்காசிக்கு அருகிலுள்ள இவ்வூரைக் கவனியாமல் கடந்திருக்கலாம். இவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் என்பவர் பொறியியல் மாணவராக இருந்தபோது 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வில் கலந்துகொண்டு, விழுந்து, கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தார். உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981இல் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சகல் என்பாரின் பெயரால் அதற்கு அப்பெயர் அமைந்தது. தசைச் சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

சங்கத்தின் பணிகள் பல. நம் கட்டுரைக்கு வேண்டியது ஒன்றே. சங்கம் நடத்தும் சிவசரஸ்வதி வித்யாலயம் என்ற பள்ளியில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளும் அக்கம் பக்கத்து ஊர்களின் ஏனைய பிள்ளைகளும் ஒரே வகுப்பில் பயில்கின்றனர். ஊனமுற்ற குழந்தைகளுக்கென்று தனிப்பள்ளி வைப்பதே இரக்கம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆய்க்குடியில் அந்தக் கோட்டை அழித்து, இரு சாராரையும் அருகருகே அமர்த்தினர். ஊனத்தையும் ஆண் பெண் வேற்றுமையையும் ஒன்றென்று நாம் கூறவரவில்லை. பிள்ளைகள் "நம்மவர், பிறர்" என்று பிரியும் முறை மட்டும் இரண்டிற்கும் ஒன்றே. ஆகவே பிரிவை நீக்கும் முறையும் ஒன்றாகவே இருக்கக்கூடும்.

அம்முறை யாது? கோர்டன் ஆல்போர்ட் என்ற அறிஞர் 1954இல் எழுதிய நூலில் அதற்குரிய நிபந்தனைகளை வகுத்தார். அருகில் இருப்பது மட்டும் போதாது. இரு சாராரும் சம நிலையில் இருத்தல் வேண்டும். ஒரே வேலையைப் பகிர்ந்து செய்தல் வேண்டும். பொறுப்பிலுள்ள பெரியோர் அதனை மனமார ஆதரித்தல் வேண்டும். சக்கர நாற்காலியில் உள்ள சிறுவனை ஒரு மூலையில் வைத்துவிட்டு மற்றோர் பந்தாடினால் அவர்கள் ஒரே பள்ளியில் இருந்தும் பயனில்லை. அவன் கணக்கைப் போட, மற்றவன் அதனைப் பலகையில் எழுத, இருவர்க்கும் ஒரே மதிப்பெண் என்றால் அங்கே நட்புக்கு வழியுண்டு.

பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் டில்லிப் பள்ளிகளில் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டதும் இதற்கு அரணாகும். செல்வர் பயிலும் தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்று 2007இல் அங்கு விதி வந்தது. சில பள்ளிகளில் கூடிப் படிக்கும் குழுக்கள் பெயரின் அகர வரிசைப்படி அமைந்தன. பெயரின் முதலெழுத்து என்ற தற்செயலால் ஏழைத் தோழன் வாய்த்த செல்வப் பிள்ளைகள் ஈகையில் மிக்கவராயினர். அஞ்சலோட்டத்திற்குத் துணைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழைச் சிறுவனை விட்டுவிட்டு மெதுவாக ஓடும் செல்வச் சிறுவனைத் தேர்ந்தெடுப்பது அவர்களிடையே குறைந்திருந்தது. அறநெறிச் சொற்பொழிவு எதுவும் அவர்களுக்கு நிகழ்த்தப்படவில்லை; சேர்ந்து வீட்டுப்பாடம் செய்தனர், அவ்வளவே.

கல் சொல்லும் செய்தி

பெண் மக்களைக் கல்வியில் ஒதுக்கி வைத்தல் பழைய வழக்கம், சேர்த்துக் கொள்ளல் புதிய நாகரிகம் என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. நம் சமயத்தின் பழங்கல்வெட்டுகளைக் கண்டோர் அவ்வாறு கூறார். ஆய்க்குடி என்ற பெயரே சங்ககால வள்ளல் ஆய் அண்டிரனை நினைவூட்டுவது. புறநானூறு போற்றும் ஆய்க்குடி இவ்வூரே என்று பலரும் கொள்வர். அந்த ஆய் மரபில் பிற்காலத்தே வந்த விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி அம்மலைப் பகவதிக்குப் பொன் அணிகலன் வழங்கினார். அரட்டநேமி படாரர் என்ற ஆசிரியரின் மாணாக்கியார் என்றே கல்வெட்டு அவரைக் குறிக்கிறது. ஆய்க்குடியிலிருந்து சங்கரன்கோவில் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் வரும் கழுகுமலையிலும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரத்திகள் பலர் பெயரைக் காணலாம். குரவர் என்ற சொல்லுக்குப் பெண்பாலாக, ஆசிரியை என்ற பொருளில் நம்மவர் வழங்கிய சொல் அது.

இவற்றினும் நம் பொருளுக்கு நெருங்கியது வந்தவாசிப் பகுதியிலுள்ள வெடால் கல்வெட்டு. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது அது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரிடம் அங்கு நானூறு மாணாக்கியர் பயின்றனர். ஐந்நூறு மாணாக்கர் ஒருபுறமும் குரத்தியாரும் அவருடைய மாணாக்கியரும் மறுபுறமுமாகப் பிணக்கு எழுந்தது. அப்போது அந்நாட்டு மக்கள், குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றனர். "பூசல் வருமென்றால் பெண் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம்; இன்றும் பல குடும்பங்களில் பையன்கள் கேலி செய்தனர் என்பதற்காகப் படிப்பை நிறுத்துவது பெண் பிள்ளைக்குத்தான். வெடாலின் பெரியோர் பிணக்கில் ஒதுங்கி நிற்காமல், யாருடைய கல்வி இடருற்றதோ அவர்க்கு அரணாக நின்று, அதனைக் கல்லிலும் வெட்டி வைத்தனர்.

வீட்டிலும் பாடசாலையிலும் செய்யத் தக்கவை

கோடை விடுமுறையிலும் ஞாயிறுகளிலும் நம் ஊர்களில் நடைபெறும் அறநெறிப் பாடசாலைகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைவு, வயது பலதரம், பலரும் உறவினர். அஃதாவது அவை பள்ளியை விடத் தெருவையே பெரிதும் ஒத்தவை. இருந்தும் பல இடங்களில் நாம் அங்கும் பையன்களை ஒருபுறமும் பெண்களை ஒருபுறமும் அமர்த்தி, கதைப் போட்டியிலும் வினாடி வினாவிலும் ஆண் அணி, பெண் அணி என்று மோதவிடுகிறோம். பிள்ளைகள் ஆர்வத்துடன் கத்துவார்கள் என்பது உண்மை. எதற்காகக் கத்துகிறார்கள் என்பதை மேற்கூறிய நீலச் சட்டைச் செய்தி விளக்கும். அணி பிரிக்க ஊர்ப் பெயரோ, பிறந்த மாதமோ, பெயரின் முதலெழுத்தோ போதுமானது.

சேர்ந்து செய்தால் மட்டுமே முடியும் வேலைகளைக் கொடுத்தல் இதனினும் மேலானது. இருபத்து நால்வர் தீர்த்தங்கரர்களின் இலாஞ்சனங்களை வரைந்து அட்டை தயாரித்தல், ஊர் ஜினாலயத்திலுள்ள சிற்பங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தல் போன்றவற்றை மூவர் மூவராகச் செய்யலாம். மூவரில் எழுதுபவள் எப்போதும் பெண்ணாகவும், எல்லோர் முன்னும் நின்று சொல்பவன் எப்போதும் பையனாகவும் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுதல் ஆசிரியர் கடன். வாரந்தோறும் பணியை மாற்றிக் கொடுத்தால் அது தீரும். துடைப்பத்தையும் அவ்வாறே மாற்றிக் கொடுக்கலாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை எனினும் சொல்லி வைக்கிறோம்.

பாராட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. லிசா செர்பினும் உடனுழைத்தோரும் 1977இல் மழலையர் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தனர். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து ஆடும் குழந்தைகளை ஆசிரியை பெயர் சொல்லிப் பாராட்டினார். சேர்ந்து ஆடுவது விரைவில் மிகுந்தது. பாராட்டை நிறுத்தியதும் பழைய நிலைக்கே திரும்பிற்று. ஆண்டுவிழாவில் ஒரு நாள் சமத்துவம் பேசி அமர்வதால் விளைவதொன்றும் இல்லை என்பதற்கு இது போதிய சான்று. செய்வதாயின் ஆண்டு முழுதும் செய்தல் வேண்டும்.

கட்டாயப்படுத்துதலும் கூடாது. எட்டு வயதுப் பையனை "அந்தப் பெண்ணோடு போய் விளையாடு" என்று தள்ளினால் அவன் மேலும் விலகுவான். தன் தோழியரோடு மட்டுமே ஆட விரும்பும் சிறுமியை அவள் போக்கில் விடுதல் தகும். நாம் தடுக்க வேண்டியது ஏளனத்தை மட்டுமே. "பெண் மாதிரி அழாதே", "ஆம்பிளை மாதிரி ஓடாதே" என்னும் இரு தொடர்களும் நம் வாயிலிருந்து வராவிடில் பாதி வேலை முடிந்தது. ஏனைய பாதிக்குக் கேலி செய்யும் பிள்ளையைத் தனியே அழைத்து, கேலி செய்யப்பட்ட பிள்ளையின் பக்கம் நாம் நிற்கிறோம் என்பதைக் குரல் உயர்த்தாமல் தெரிவித்தல் வேண்டும். பையன்கள் பையன்களுக்கே செவிசாய்ப்பர் என்று ஃபாகட் கூறியதை இங்கே பயன்படுத்தலாம். வகுப்பில் மதிப்புள்ள, சற்றுப் பெரிய பையன் ஒருவன் கோலமாவை எடுத்துப் புள்ளி வைக்கத் தொடங்கினால், தந்தையர் பத்துப் பேர் சொல்லி நடவாதது நடக்கும்.

காலம் தாழ்த்தினால் என்ன என்று கேட்போர்க்கு அரியானா மாநிலத்து அனுபவத்தைக் கூறுவோம். அங்கு 314 அரசுப் பள்ளிகளைத் தேர்ந்து, அவற்றுள் ஒரு பாதியில் ஏழாம் வகுப்பு முதல் உள்ள மாணவரிடையே ஆண் பெண் சமன்மை குறித்து இரண்டரை ஆண்டுகள் வகுப்புகள் நடத்தினர். தரை கழுவுதல், சமைத்தல் போன்ற வேலைகளில் தாமும் பங்கு கொள்வதாகப் பையன்கள் கூறுவது கூடியது; மாணவர் எண்ணங்களும் நல்வழியில் மாறின. 2022இல் வெளியான இவ்வாய்வின்படி, எண்ணத்தை நடையில் காட்டுவது பையன்களுக்கு எளிதாயிற்று. சிறுமியர்க்கு அவ்வளவு எளிதாகவில்லை. அவ்வயதில் பெண் மக்கள் மாறினாலும் அவர்களைச் சூழ்ந்த கட்டுப்பாடுகள் உடனே மாறுவதில்லை. பன்னிரண்டு வயதில் இரண்டரை ஆண்டு உழைத்துப் பெறுவதை ஆறு வயதில் இருக்கையை மாற்றி அமைத்துத் தொடங்கலாம்.

பெற்றோர் இவ்வாரமே செய்து பார்க்கத்தக்க சிறு சோதனை ஒன்று உண்டு. இரவு விளக்கு அணைக்கும் முன், இன்று யார் யாரோடு விளையாடினாய் என்று பிள்ளையிடம் கேட்டு, பெயர்களை மட்டும் குறித்து வருக. ஏன் அவனோடு, ஏன் அவளோடு என்று கேட்க வேண்டா. மூன்றாம் மாதத்துப் பட்டியலை முதல் மாதத்துப் பட்டியலோடு ஒப்பிட்டால், எந்தப் பெயர் நின்றுபோயிற்று என்பது தெரியும். நின்றுபோன பெயருக்கு உரிய பிள்ளையையும் அதன் பெற்றோரையும் ஒரு ஞாயிறு வீட்டிற்கு அழைத்து, பொழுது சாயும் முன் உணவளித்து, தாயக்கட்டையை எடுத்து வைக்கலாம்.